மலிவு ஒயின், பழைய பாட்டில்: குடிக்கலாமா?

மெல்போர்னில் ஒரு மதுக்கடையில் ஒயின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களைவிட, வீட்டில் கிடப்பதைக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். இங்கே வந்த கேள்விகளும் அதே ரகம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

வேளச்சேரி: அக்கா, 2017ல கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ரெட் ஒயின் கொடுத்தார். நாசிக்ல பண்ணது, எழுநூறு ரூபாய் இருக்கும். வீட்ல யாரும் தொடலை, லாஃப்ட்லயே கிடக்கு. ஒயின் பழசாக ஆக நல்லதுன்னு சொல்றாங்களே, இப்ப திறக்கலாமா?

திறக்கலாம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். பழசானால் நல்லது என்பது பிரான்ஸின் போர்டோ, இத்தாலியின் பரோலோ போன்ற இடங்களில் அதற்கென்றே செய்யப்படும் சில ஒயின்களுக்குத்தான் பொருந்தும். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு அவற்றில் முதல் சில வருடங்கள் வாயைக் கட்டும். அது அடங்கத்தான் பத்து, இருபது வருடம் காக்கிறார்கள். கடையில் விற்கும் பெரும்பாலான பாட்டில்கள் வாங்கின வாரமே குடிப்பதற்காகச் செய்தவை. பழ வாசனை தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. அதைப் பூட்டி வைத்தால் அடங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை, இருக்கிற பழ வாசனைதான் போகும்.

உங்கள் விஷயத்தில் வருடத்தைவிட லாஃப்ட்தான் எனக்குக் கவலை. ஒயினுக்குச் சுகமான வெப்பம் 12 முதல் 14 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற லாஃப்ட் மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து டிகிரி ஏறினால் ரசாயன மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது பொதுக் கணக்கு. அதோடு சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். கழுத்து உறையைக் கீறி எடுத்துப் பாருங்கள். கார்க் பாட்டில் வாயைவிட மேலே நின்றாலோ, உறைக்குள் பிசுபிசுவென்று சிவப்புத் தடம் இருந்தாலோ சூடு பட்டிருக்கிறது. ருசி வேகவைத்த உலர் திராட்சை மாதிரி இருக்கும். திருகு மூடி என்றால் இந்தச் சோதனைக்கு வழியில்லை, நேரே ஊற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஸ்கார்பரோ: அக்கா, எங்கட பேஸ்மென்ட்டில 2014 வெள்ளை வைன் மூண்டு போத்தில் கிடக்கு. நயாகரா பக்கம் போகேக்க வாங்கினது, விலை குறைவுதான். இப்ப நிறம் தேன் மாதிரி வந்திட்டுது. குடிச்சா ஏதும் நஞ்சாகிடுமோ?

நஞ்சாகாது. நல்ல புளிப்பும் பன்னிரண்டு சதவிகிதம் ஆல்கஹாலும் இருக்கும் இடத்தில் நோய்க் கிருமிகள் வளர முடியாது. பழைய ஒயினில் போவது ருசிதான்.

ஆனால் என்ன திராட்சை என்று சொல்லவில்லையே! நயாகராவில் ரீஸ்லிங் நன்றாக விளையும். உங்களுடையது ரீஸ்லிங் என்றால், அதுவும் திருகு மூடி போட்டது என்றால், தேன் நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறைந்த விலையில் வாங்கிப் பத்து வருடம் நம்பி வைக்கக்கூடிய வெள்ளை ஒயின் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது அதைத்தான், காரணம் அதன் புளிப்பு. எங்கள் பக்கம் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்பவர்கள் பலர் சேர்ந்து 2000ஆம் ஆண்டு அறுவடையைத் திருகு மூடியில் அடைத்தார்கள். மலிவுச் சரக்குக்குத்தான் அந்த மூடி என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் விலை உயர்ந்த ரீஸ்லிங்குக்கும் அதே மூடிதான்.

பினோ கிரிஜியோ என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அடைக்கும்போது சேர்க்கும் கந்தக டை ஆக்சைடுதான் ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது, அது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். தீர்ந்த பிறகு நிறம் பழுப்பாகும், அடிபட்ட ஆப்பிள் வாசனை வரும். பிளாஸ்டிக் கார்க் போட்டிருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம். மூன்றில் ஒன்றைத் திறந்தாலே மற்ற இரண்டின் கதையும் தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர்: மேடம், ரொம்ப நாள் ஆனா ஒயின் தானா வினிகர் ஆயிடுமாமே?

மூடிய பாட்டிலில் அப்படி நடப்பது அபூர்வம். வினிகர் ஆக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். பழைய ஒயின் தட்டையாக, உயிரில்லாமல் இருப்பதைத்தான் பலர் "வினிகர் ஆயிடுச்சு" என்கிறார்கள். மூக்கைக் குத்துகிற காடி வாசனை வந்தால் மட்டும் நீங்கள் சொல்வது சரி.

சிங்கப்பூர்: அக்கா, மூணு லிட்டர் அட்டைப் பெட்டி ஒயின், குழாய் வச்சது. ரெண்டு வருஷமா ஸ்டோர் ரூம்ல இருக்கு, திறக்கவே இல்லை. திறக்காததால நல்லாத்தானே இருக்கும்?

இருக்காது. பெட்டிக்குள் இருப்பது பிளாஸ்டிக் பை. கண்ணாடி மாதிரி அது காற்றைத் தடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் பெட்டியில் தேதி போடுகிறார்கள். அடைத்ததிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, அதற்கு மேல் வேண்டாம். திறந்தபின் ஃப்ரிட்ஜில் நான்கைந்து வாரம் தாங்கும், பாட்டிலால் அது முடியாது. பெட்டி ஒயினை நான் குறை சொல்ல மாட்டேன். சேமித்து வைக்கிற பொருள் இல்லை, அவ்வளவுதான்.

நாகர்கோவில்: நாங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு ஜாடியில ஒயின் போடுவோம். திராட்சை, சீனி, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை. மூணு வருஷத்துக்கு முன்ன போட்டது ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்கு. எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பதில் சொல்கிறேன். கடை ஒயினில் எவ்வளவு சர்க்கரை மிச்சம், எவ்வளவு ஆல்கஹால் என்று அளந்துதான் அடைக்கிறார்கள். வீட்டில் கண் அளவுதான். சீனி மிச்சமிருந்து ஈஸ்ட்டும் உயிரோடு இருந்தால் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கும், வாயு சேரும், பாட்டில் வெடிக்கலாம். அசைக்காமல் எடுத்து, ஒரு கனமான துண்டைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவும் தொட்டியின் மேல் மெதுவாகத் திருகுங்கள். புஸ்ஸென்று சீறினால் விஷயம் புரிந்துவிடும். மேலே ஆடை படிந்திருந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ ருசி பார்க்க வேண்டாம், ஊற்றிவிடுங்கள். தெளிவாக, நல்ல வாசனையாக இருந்தால் ஒரு வாய் பாருங்கள். எப்படியானாலும் வீட்டு ஒயின் அடுத்த கிறிஸ்துமஸைத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி.

லண்டன்: வெள்ளை ஒயினோட அடியில கண்ணாடித் தூள் மாதிரி மினுங்குது. பாட்டில் உடைஞ்சிருக்குமோ?

அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலேயே இருப்பது, குளிரில் படிகமாகிவிடும். கடைசி அரை கிளாஸை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

சான் ஹோசே: சார்ல்ஸ் ஷா ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில், 2019ல பார்ட்டிக்கு வாங்கி எட்டு மிச்சம். கராஜ்ல இருக்கு. கொட்ட மனசு வரலை. ஒவ்வொண்ணா எப்படிச் சோதிக்கிறது?

2002இல் 1.99 டாலருக்கு அறிமுகமாகி "டூ பக் சக்" என்று பேர் வாங்கின ஒயின். அதைச் செய்தவர்களே நீங்கள் கராஜில் காப்பீர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்! இருந்தாலும் திறந்து பார்க்காமல் கொட்டாதீர்கள்.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் கீழே இறங்கட்டும். பழைய கார்க் நொறுங்கும், அதனால் திருகை முழு நீளத்துக்கு இறக்கி நிதானமாக இழுங்கள். கார்க்கின் பக்கவாட்டில் மேல் நுனிவரை சிவப்புக் கறை ஓடியிருந்தால் காற்று போய்வந்திருக்கிறது. இரண்டு விரல் அளவு ஊற்றி, கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேல் பிடியுங்கள். விளிம்பு செங்கல் நிறமாக இருந்தால் வயது. உள்வரை பழுப்பு என்றால் முடிந்தது. பிறகு மோந்து பாருங்கள். நனைந்த அட்டை, பூசணம் பிடித்த நிலவறை வாசனை வந்தால் அது டிசிஏ என்ற கார்க் கோளாறு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, குடிக்கவும் முடியாது. நீங்கள் வைத்திருந்த முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த ஒரு பாட்டிலோடு போய்விடும்.

வாசனை சும்மா மங்கலாக இருந்தால் கறிக் குழம்பில் ஊற்றலாம். பிழைத்தவற்றை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

பாண்டிச்சேரி: அக்கா, எந்த மலிவு ஒயினும் நம்ம ஊர் வெயிலைத் தாங்காதா?

மடீரா தாங்கும், போர்ச்சுகலின் மடீரா தீவில் செய்யும் ஒயின். அதைச் செய்யும்போதே தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி மூன்று மாதமாவது வைக்கிறார்கள், அதனால் வெயிலால் இனிமேல் கெடுக்க அதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. திறந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். நிமிர்த்தி வையுங்கள். கிடைப்பதுதான் கஷ்டம், பிரான்ஸிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வையுங்கள்.