முதியோருக்குக் கதிரியக்க அயோடின்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தந்தைக்கு 76 வயது. தைராய்டுப் புற்றுநோய் நுரையீரல் முழுவதும் பரவியிருக்கிறது. கதிரியக்க அயோடினை 200 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுக்கலாம் என்கிறார்கள். தாங்குவாரா?

பதில்: அளந்து பார்க்காமல் அந்த எண்ணுக்குச் சம்மதிக்க வேண்டாம். புற்றணுக்கள் உறிஞ்சாமல் விட்ட அயோடின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும்; வயதானவரின் சிறுநீரகம் அதை மெதுவாக வெளியேற்றுவதால், இரத்தத்திலேயே கூடுதல் நேரம் சுற்றி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிறது. இரத்தத்துக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்ற வரம்பையும், 48 மணி நேரத்துக்குப் பின் உடலில் 120 மில்லிகியூரிக்கு மேல், நுரையீரலில் பரவலாக இருந்தால் 80க்கு மேல், தங்கக் கூடாது என்ற வரம்பையும் 1962இல் பெனுவா என்ற மருத்துவரின் குழுவினர் வகுத்தனர். எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 200 மில்லிகியூரி இந்த வரம்பை மீறக்கூடும் என்பதால், அளக்காமல் கொடுப்பதாயின் 150ஐத் தாண்டுவதைத் தவிர்க்குமாறு அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் அறிவுறுத்தியது. சிறிதளவு அயோடின் கொடுத்துச் சில நாட்கள் அளந்து கணக்கிடும் டோசிமெட்ரி வசதி உண்டா என்று கேளுங்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 'நார்மல்' என்றால் நிம்மதி அடையாதீர்கள்; தசை வற்றிய முதியவரிடம் அந்த எண் ஏமாற்றும்.

கேள்வி: சிகிச்சைக்கு முன் எந்த உப்பு?

பதில்: அயோடின் சேர்க்காதது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது, ஓரிரு வாரங்களுக்கு; உடலில் சாதாரண அயோடின் நிறைந்திருந்தால் புற்றணுக்கள் கதிரியக்க அயோடினைச் சரியாக உறிஞ்சாது. கல் உப்பு, இந்துப்பு என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: அயோடின் சிகிச்சைக்கு முன் தைராய்டு மாத்திரையை நான்கு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 72 வயது, இதய நோயும் உண்டு.

பதில்: நிறுத்தினால் இதயம் மட்டுமன்றிச் சிறுநீரகமும் மந்தமாகி, அயோடின் மேலும் தங்கும். மாத்திரையை நிறுத்துவதற்குப் பதிலாக, அடுத்தடுத்த இரு நாட்கள் போடும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஊசியைப் பற்றிக் கேளுங்கள். விலை அதிகம், ஆனால் இவரைப் போன்றவருக்குத் தகும். இங்கும் கிரியாட்டினின் எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: பெரிய அளவை ஒரே தடவையில் கொடுப்பதே மேல். முன்னோட்டமாகச் சிறிது கொடுத்தால் புற்றணுக்கள் மயங்கி, பிறகு உறிஞ்சாது. என் மாமா 74 வயதில் 200 வாங்கி நலமாக இருக்கிறார்.

பதில்: மயங்கிப்போவது உண்மைதான், அதனால்தான் முன்னோட்ட அளவை மிகச் சிறிதாக வைக்கிறோம். உங்கள் மாமா தாங்கியது அவருடைய சிறுநீரகத்தின் செய்தி, 76 வயதுத் தந்தையுடையதன்று. அளந்தபின் 200க்கு மேலும் இடமிருப்பதாகத் தெரிந்தால் நானே கொடுப்பேன். அயோடினை உறிஞ்சாத கட்டிக்கோ, முதியோரிடம் இது அரிதன்று, எத்தனை மில்லிகியூரி கொடுத்தாலும் பலனில்லை, மஜ்ஜைக்குத்தான் இழப்பு.

கேள்வி: கல் உப்பு போதுமா ஐயா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: போன வாரம் மருந்து ஏற்றி சிடி எடுத்தோம். அடுத்த வாரம் அயோடின்.

பதில்: அந்த மருந்திலேயே ஏராளமான அயோடின் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் ஓரிரு மாத இடைவெளி வேண்டும். இன்றே மருத்துவரிடம் சிடி எடுத்த தேதியைச் சொல்லுங்கள்.