மேட்டில் பின்னால் உருளாத வண்டி
வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் குடும்பங்களில் ஓடிய பழைய வண்டிகளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் ஸ்டூடிபேக்கர் என்ற பழைய அமெரிக்கக் கார் பற்றியவைதான் அதிகம். எனக்கு அதில் தனி சந்தோஷம், ஏனென்றால் நான் சின்ன வயதில் முதன்முதலில் ஏறிய காரும் அதுதான். அதனால் இந்த மாதம் முழுக்க அந்த ஒரு வண்டிதான்.

எங்கள் தாத்தா விட்டுப்போன 1950 ஸ்டூடிபேக்கர் சாம்பியன் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் முப்பது வருடமாக நிற்கிறது. மகன் ஸ்க்ராப்புக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. ஐயா, இதை மறுபடி ஓட வைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?
- வாசகர், சாட்ஸ்வர்த்

கொடுக்காதீர்கள். முதலில் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வண்டியின் முகத்தைப் பாருங்கள். 1950, 51 இரண்டு வருட மாடலுக்கு மட்டும்தான் நடுவில் ஏரோப்ளேன் மூக்கு மாதிரி கூர்மையாக வரும். தெருவில் அவ்வளவு கூர்மையான முகத்தோடு வேறு வண்டியை நான் பார்த்ததில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், பிக்கப் வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் விடவே விடாதீர்கள். முப்பது வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், வால்வு பிடித்திருக்கலாம், வேகமாகச் சுற்றினால் ஏதாவது உடையும். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊற விட்டு, அப்புறம் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. அது 2.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 85 குதிரைத் திறன் கொண்ட எளிய இன்ஜின். வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருப்பதால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவது ஒரு மதிய வேலை.

ஆனால் இன்ஜினுக்கும் முன்னால் பிரேக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான், ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் புதுப்பித்த பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டலாம். பெட்ரோல் டேங்கையும் இறக்கிக் கழுவுங்கள்.

துரு விஷயத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். என் வண்டியைப் பல வருடங்களுக்கு முன் பாடியைத் தட்டிச் சரிசெய்யும் பேனல் பீட்டர் ஒருவரிடம் கொடுத்தேன், திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பட்டியைக் கனமாகப் பூசியிருந்தார்கள், பாளம் பாளமாக வந்தது. டர்பன் கடல்காற்றில் அது நிற்கவே நிற்காது. ஸ்டூடிபேக்கரில் முன் ஃபெண்டரின் மேல்பக்கம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு தங்கும், அங்கேதான் துரு உள்ளிருந்து தொடங்கும். அப்புறம் கதவுக்குக் கீழே உள்ள சட்டம், கால் வைக்கும் தளம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடம் பட்டி.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். கம்பெனி மூடியபோது கிடங்குகளில் புதுப் பாகங்கள் மலை மாதிரி மிஞ்சின, அவை இன்னும் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கின்றன. ரப்பர், பிரேக், இன்ஜின் சாமான் எல்லாம் கிடைக்கும். வலது பக்க ஸ்டியரிங்குக்கு உரிய சாமான்கள்தான் கஷ்டம், அதனால் உங்கள் வண்டியில் இருக்கும் ஒரு போல்ட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். கதவுத் தூணில் இருக்கும் வண்டியின் சீரியல் நம்பர் தகட்டைக் கழற்றாதீர்கள். பதிவு என்றோ காலாவதியாகியிருக்கும், மறுபடி பதிய போலீஸ் கிளியரன்சும் ரோட்வர்தி என்ற தகுதிச் சான்றும் கேட்பார்கள், அப்போது அந்தத் தகடு இல்லாவிட்டால் பெரிய அலைச்சல்.

மொத்த வண்டியையும் ஒரே நாளில் பிரித்துவிட வேண்டாம். பிரித்துப் போட்ட வண்டியைத்தான் கடைசியில் ஸ்க்ராப்புக்குக் கொடுக்கிறார்கள், நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஸ்டூடிபேக்கர் மாட்டு வண்டி செய்த கம்பெனி என்று எங்கள் பாட்டனார் சொல்வார். உண்மையா?
- வாசகர், டொங்காட்

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். 1852-ல் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில் ஹென்றி, கிளெமென்ட் என்ற அண்ணன் தம்பி இருவர் கொல்லுப்பட்டறை போட்டார்கள். இன்னொரு தம்பி ஜான் தங்கம் தேடி கலிபோர்னியா போனவர், போன இடத்தில் தங்கம் தோண்டாமல் தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார். 1858-ல் எட்டாயிரம் டாலரோடு ஊர் திரும்பி அதை அண்ணன்மார் பட்டறையில் போட்டார். அந்தப் பணத்தில் பட்டறை வளர்ந்தது, உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வண்டி செய்து கொடுத்து இன்னும் வளர்ந்தது. 1902-ல் முதல் கார், அதுவும் பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார். 1904-ல்தான் பெட்ரோல் கார். குதிரை வண்டி செய்து கார் யுகத்துக்குள் வந்து இவ்வளவு காலம் நிலைத்த பெரிய கம்பெனி அமெரிக்காவில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அமெரிக்க வண்டி என்கிறோம், ஆனால் என் அப்பா "இது நம் ஊரில் செய்தது" என்பார். எது சரி?
- வாசகி, ஃபீனிக்ஸ்

இரண்டும் சரி, அம்மா. போர்ட் எலிசபெத் பக்கத்தில் யூட்டன்ஹேக், இப்போது காரிகா என்கிறார்கள், அங்கே 1946-ல் சமாட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து பாகங்கள் பெட்டிகளில் வரும், இங்கே கோர்த்து வலது பக்க ஸ்டியரிங்கோடு வெளியே அனுப்புவார்கள். ஸ்டூடிபேக்கருக்காகப் போட்ட அதே ஆலையில்தான் 1951 ஆகஸ்ட் 31-ந் தேதி நம் நாட்டின் முதல் பீட்டில் கார் வெளியே வந்தது. 1956-ல் ஃபோக்ஸ்வேகன் அந்த ஆலையின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. இன்று அங்கே போலோ கார் செய்கிறார்களே, அந்த இடத்தின் தொடக்கம் உங்கள் அப்பாவின் வண்டிதான்.

இவ்வளவு நல்ல வண்டி என்றால் கம்பெனி ஏன் மூடியது? ஆள் வாங்காததால்தானே?
- வாசகர், வெருலம்

ஒரே வரியில் முடிக்கிற கேள்வி இல்லை இது.

1930-களிலேயே ஒருமுறை விழுந்து எழுந்த கம்பெனி அது. பொருளாதார மந்தத்தில் காசில்லாதபோதும் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கை அள்ளிக் கொடுத்தார்கள், 1933-ல் கடனில் மூழ்கிக் கோர்ட்டுக்குப் போனது. அதிலிருந்து மீண்டு 1939-ல் சாம்பியன் என்ற எடை குறைந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற வண்டியைக் கொண்டுவந்தார்கள். போரில் லாரியும் விமான இன்ஜினும் செய்தார்கள், சோவியத் படைக்குப் போன ஸ்டூடிபேக்கர் லாரிகள் பேர் பெற்றவை. போர் முடிந்ததும் மற்றவர்கள் பழைய மாடலையே தட்டிக்கொட்டி விற்றபோது இவர்கள் 1947 மாடலாக முழுக்கப் புது வண்டியை இறக்கினார்கள். அதில் கூபே என்ற இரண்டு கதவு வகை ஒன்றில் பின் கண்ணாடி அரைவட்டமாகச் சுற்றி வரும், முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரு முழுக்க நின்று பார்ப்பார்கள். 1950-ல் ஒரே வருடத்தில் மூன்று லட்சம் வண்டிக்கு மேல் செய்தார்கள். அதுதான் உச்சம்.

அப்புறம் சறுக்கல். 1953-ல் ரேமண்ட் லோவியின் வடிவமைப்பு நிறுவனத்தில் ராபர்ட் போர்க் வரைந்த தாழ்வான கூபே வந்தது. என் கண்ணுக்கு அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செய்த கார்களிலேயே அழகானது அதுதான். ஜனங்கள் கூபே கேட்டார்கள், ஆலையோ நான்கு கதவு செடானை அதிகம் செய்ய ஏற்பாடு செய்துவைத்திருந்தது. ஃபெண்டர்கள் சரியாகப் பொருந்தாமல் உற்பத்தி தாமதமானது. அதே நேரத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலைப் போட்டியில் இறங்கின, அந்த இரண்டு யானைகளுக்கு நடுவில் சின்னக் கம்பெனி என்ன செய்யும்? ஆலை பழசு, கூலி போட்டியாளர்களைவிட அதிகம், புது இயந்திரத்துக்குப் பணமில்லை. 1954-ல் பேக்கார்டு என்ற இன்னொரு கார் கம்பெனியோடு சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகுதான் நஷ்டத்தின் ஆழம் தெரிந்தது. 1958-ல் பேக்கார்டு பேரே போய்விட்டது. 1959-ல் லார்க் என்ற சின்னக் கார் கொஞ்சம் காப்பாற்றியது, 1962-ல் கண்ணாடி நார் உடம்போடு அவான்ட்டி வந்தது, வந்தும் நேரம் கடந்துவிட்டது. 1963 டிசம்பர் 9-ந் தேதி அறிவித்தார்கள், கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே 20-ந் தேதி சவுத் பெண்ட் ஆலையில் கடைசி கார் இறங்கியது. கனடாவில் ஹாமில்டன் ஆலை மட்டும் 1966 மார்ச் வரை ஓடியது.

ஆகவே ஆள் வாங்காததால் மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல காலத்தில் ஆலைக்குப் போட வேண்டிய பணத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்ததுதான் வேர்க் காரணம் என்பது என் தீர்மானமான கருத்து.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆலை மூடியபோது பென்ஷன் நிதியில் போதிய பணமில்லை. அறுபது வயது தாண்டியவர்களுக்கு முழு பென்ஷன் கிடைத்தது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை இருந்த நாலாயிரம் பேருக்கு, சேர வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட்தான். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இருபது வருடம் வேலை செய்த கைகள் அவை. இந்த அநியாயம் பெரிய பேச்சாகி, 1974-ல் அமெரிக்காவில் தொழிலாளர் பென்ஷனைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. என் அப்பாவும் இங்கே டர்பனில், ஜேக்கப்ஸில் ஒரு ஆலையில் வேலை செய்தவர். ஆலை மூடிய அன்று கையில் ஒரு உறையோடு வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டார். அந்த உறையில் எவ்வளவு இருந்தது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சவுத் பெண்ட் கதை எனக்கு வேற்றூர்க் கதையாகப் படவில்லை.

என் 1952 கமாண்டர் காலையில் ஸ்டார்ட் ஆக மிகவும் தயங்குகிறது. பேட்டரி புதுசு.
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கேபிளைப் பாருங்கள். 1955 வரை வந்த ஸ்டூடிபேக்கர்களுக்கு 6 வோல்ட். வோல்ட் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும், அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளை யாரோ மாட்டியிருப்பார்கள். இன்னொன்று, இந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். பேட்டரி மாற்றியவர் பழக்கதோஷத்தில் திருப்பி மாட்டவில்லையே என்பதையும் உறுதி செய்யுங்கள்.

1962 லார்க் ஆறு சிலிண்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மெக்கானிக், "வாங்கி டொயோட்டா இன்ஜின் போட்டுவிடலாம்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், லெனேசியா

1961-லிருந்து அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு வால்வுகளை மேலே, ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். பலம் கூடியது, ஆனால் வால்வு சீட்டுக்கும் பிளக் துளைக்கும் நடுவில் விரிசல் விடும் குறை அதற்கு உண்டு. வாங்குமுன் ஹெட்டைக் கழற்றி பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். விரிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஹெட்டைச் சரிசெய்யத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

டொயோட்டா இன்ஜின் விஷயம். கடைசி இரண்டு மாடல் வருடங்களில் ஸ்டூடிபேக்கரே ஜெனரல் மோட்டார்ஸின் கனடா இன்ஜினைத்தான் வாங்கிப் போட்டது, அதனால் வேறு இன்ஜின் போட்டால் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அப்படிப் போட்டால், பழைய இன்ஜினை எண்ணெய் பூசி மூடி, வண்டியோடு வைத்திருங்கள். உங்களுக்குப் பின் வருகிறவருக்குத் தேவைப்படும்.

அண்ணா, அப்பாவின் ஸ்டூடிபேக்கரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மேட்டில் நிறுத்தினால் பிரேக்கை விட்டும் பின்னால் உருளாமல் நிற்கிறது, ஆனால் இறக்கத்தில் சில சமயம் பிடியே இல்லாமல் ஓடுகிறது. பயமாக இருக்கிறது. பழுதா?
- வாசகி, மியர்பேங்க்

பழுது இல்லை தங்கச்சி, இரண்டுமே அந்த வண்டியின் அமைப்பு. ஆனால் நீங்கள் பயந்தது நல்லது.

மேட்டில் நிற்பது ஹில் ஹோல்டர். 1936-லேயே ஸ்டூடிபேக்கர் கொண்டுவந்தது. பிரேக் லைனில் ஒரு சின்னக் குண்டு இருக்கும். மேட்டில் கிளட்சை மிதித்தபடி பிரேக் பிடித்தால் குண்டு சரிவில் உருண்டு, பிரேக் எண்ணெய் திரும்பி வரும் வழியை அடைத்துக்கொள்ளும், நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பிடி இருக்கும். கிளட்சை விடும்போது அதோடு சேர்ந்த கம்பி வழியைத் திறந்துவிடும். டர்பனில் பெரியா என்ற பகுதியின் மேட்டில், ரோபோட் என்கிற டிராஃபிக் சிக்னல் சிவப்பில் நிற்கும்போது என் தாத்தா காலை எடுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார், பின்சீட்டில் நாங்கள் ஐந்து பேரும் கத்துவோம்.

இறக்கத்தில் ஓடுவது ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியரால். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள கைப்பிடி உள்ளே தள்ளியிருந்தால், ஓவர்டிரைவ் விழாத குறைந்த வேகத்தில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, சைக்கிளில் பெடலை நிறுத்திவிட்டால் ஓடுகிற மாதிரி தானாக ஓடும். சமதளத்தில் பெட்ரோல் மிச்சம். இறக்கத்தில் முழுப் பாரமும் அந்த ஒற்றை பிரேக் லைன் மேல்தான். கைப்பிடியை வெளியே இழுத்துவிட்டால் சாதாரண கியர் மாதிரி இன்ஜின் பிடிக்கும். பைன்டவுன் பக்கம் போனால் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் தொடங்கியபின் இழுக்காதீர்கள், அதற்கு முன்னால் சமதளத்திலேயே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி இழுத்து, இன்ஜின் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.