செயற்கைக்கால், ஸ்டம்ப் புண், லேசர்: கேட்டதும் சொன்னதும்

வலது காலை முட்டிக்குக் கீழே இழந்து 16 வருஷம் ஆகிறது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். ஸ்டம்பில், அதாவது கால் போனபின் மிஞ்சிய பகுதியில், ஓயாமல் வந்த கட்டிகளுக்கு முடியை அழிக்கும் லேசர் செய்துகொண்டவன் என்பதால் நம் மலைக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பட்டுத் தெரிந்ததும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்ததும்தான் இவை. செயற்கைக்காலில் ஸ்டம்ப் உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட்; அதற்குள் ஸ்டம்பில் மாட்டும் மெத்தென்ற உறை லைனர்.

குன்னூர்: அண்ணா, முட்டிக்குப் பின்னால, சாக்கெட் விளிம்பு படுற இடத்துல சின்னச் சின்னக் கட்டியா வருது. லேசர் பண்ணினா நிக்குமா?

எந்தக் கட்டி என்று முதலில் பாருங்கள் தம்பி. ராத்திரி லைனரைக் கழற்றியதும் டார்ச் அடித்து, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடியுங்கள். கட்டிக்கு நடுவில் கறுப்பாக ஒரு முடி சுருண்டு கிடந்தால், முடியால் வந்த கட்டி. லைனர் நாள் முழுக்க அழுத்துவதால் முடி வெளியே வரமுடியாமல் தோலுக்குள்ளேயே மடங்குகிறது. வேரில் கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கிறது. இதற்கு லேசர் நன்றாகக் கேட்கும். முடியே இல்லாத இடத்தில், எலும்பு முனையில் சிவந்து உரிந்திருந்தால் சாக்கெட் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஏற்ற இறக்கத்தில் நடக்கிற நமக்கு இது சீக்கிரம் தெரியும். கால் செய்து கொடுத்தவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் லேசருக்குப் போடும் காசு வீண்.

கூடலூர்: தினமும் ஷேவ் பண்ணிடறேன், அது போதாதா?

தயவுசெய்து நிறுத்துங்கள். ஷேவ் செய்த முடியின் முனை கூராகி, திரும்பத் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். பிடுங்குவது இன்னும் மோசம். நான் ஒருமுறை பிடுங்கி, கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி வீங்கி, 11 நாள் காலே மாட்டவில்லை. லேசருக்கு முந்தின நாள் மட்டும் ஷேவ் செய்யச் சொல்வார்கள், அது வேறு. முடியின் கறுப்பு நிறம்தான் ஒளியை வாங்கிச் சூடாக்கி வேரைக் கெடுக்கிறது. வேர் உள்ளே இருக்க வேண்டும். அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே பிடுங்குவது, வேக்ஸிங் இரண்டும் கூடாது.

மஞ்சூர்: நம்ம நிறத்துக்கு ஒத்துக்குமா? சுட்டுடாதா?

தோலின் கறுப்பும் ஒளியை வாங்கும், அதனால் பயம் நியாயமானது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. மேல்தோலில் குறைவாக நின்று ஆழமாக இறங்கும். எந்த லேசர் என்று கேட்டு, சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்லர் வேண்டவே வேண்டாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். லேசருக்குக் கோவைக்கு இறங்க வேண்டி வரலாம்.

குந்தா: எத்தனை தடவை போகணும்? அன்னிக்கே கால் மாட்டலாமா?

வளரும் பருவத்தில் இருக்கிற முடி மட்டுமே ஒவ்வொரு முறையும் அழியும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறையாக 6, 8 தடவை ஆகும். சீழோ புண்ணோ இருக்கும்போது செய்யக்கூடாது, முதலில் ஆற வேண்டும். செய்தபின் வேரைச் சுற்றிச் சிவந்து வீங்கும். அது வடியும்வரை கால் மாட்டாதீர்கள். எப்போது மாட்டலாம் என்று டாக்டரையே கேளுங்கள். போகும்போதே ஊன்றுகோல் எடுத்துப் போங்கள். கழற்றின கால் பையில் வரட்டும். முதல் தடவை எனக்கு இது தோன்றாமல், எரிகிற ஸ்டம்பில் லைனரை இழுத்து மாட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

ஊட்டி: அப்பாவுக்கு 61 வயசு, சர்க்கரை உண்டு. முடியெல்லாம் நரைச்சுடுச்சு. செய்யலாமாண்ணா?

நரைமுடியில் ஒளி பிடிக்க நிறமில்லை, பலன் இருக்காதம்மா. அதைவிட முக்கியம், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு பட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. புண் இருந்தால் இன்றே காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கோத்தகிரி: மழைக்காலத்துல லைனர் காயவே மாட்டேங்குது. அதனாலயும் புண் வருமா?

வரும். ஈரமும் வேர்வையும் உள்ளே அடைபட்டால் தோல் ஊறிப்போகும், லேசர் செய்தவர்களுக்கும்தான். தினமும் ராத்திரி மிதமான சோப்பில் லைனரைக் கழுவி, நுரை போக அலசி, துணியால் துடையுங்கள். விறகடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். இரண்டு லைனர் வாங்க முடிந்தால், ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம்.