முதல் ஆயிரத்தை என்னிடம் கொடுக்காதீர்கள்: சின்னக் கடை விளம்பரம், கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் 22 வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். திறப்பு விழா நோட்டீஸ் அடிக்க வந்த கடைகளில் எத்தனை பேர் அடுத்த வருஷம் பில்புக் அடிக்கத் திரும்பி வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் படிப்பு அவ்வளவுதான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதுசாகத் தொழில் தொடங்குகிறவர்கள் கேட்டதற்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம், டிபன் கடை: அண்ணே, அடுத்த மாசம் கடை திறக்கிறேன். விளம்பரத்துக்கு 5,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஃப்ளெக்ஸ் வைக்கவா, நோட்டீஸ் அடிக்கவா?

இரண்டுமே என் பிழைப்பு. ஆனாலும் முதல் ஆயிரத்தை என்னிடம் கொடுக்காதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று உங்கள் போர்டைப் பாருங்கள். பைக்கில் போகிறவன் கண்ணில் என்ன படுகிறது? பாதிக் கடைகளில் சாமி படமும் முதலாளி படமும்தான் தெரியும், என்ன விற்கிறார்கள் என்று தெரியாது. "இட்லி, தோசை, காலை 6.30 முதல்" என்ற ஒரு வரி போதும். அதற்கு நேராக ஒரு விளக்கு.

அடுத்தது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுளிலோ மேப்பிலோ தேடினால் உங்கள் கடைக்கென்று வருகிற பக்கம். காசு கிடையாது. கடை நிஜம்தானா என்று பார்க்க, போனில் தெருவையும் பெயர்ப் பலகையையும் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே போகிற மாதிரி ஒரு வீடியோ எடுக்கச் சொல்லலாம், எடுத்துக் கொடுங்கள். பெயர் என்ற இடத்தில் போர்டில் உள்ள பெயர் மட்டும் போட வேண்டும். "கடலூரின் நம்பர் ஒன் டிபன்" என்றெல்லாம் சேர்த்தால் பக்கத்தையே முடக்கி வைப்பார்கள். திறக்கும் நேரம், விடுமுறை, மெனு போர்டு தெளிவாகத் தெரிகிற ஒரு போட்டோ, இவ்வளவு இருந்தால் சரி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அந்தப் பக்கம் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு மொபைல் கடைப் பையன் தன்னுடைய ஜிமெயிலிலேயே போட்டுக் கொடுத்தான். பையன் துபாய் போய்விட்டான். இவர் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினார். ஒரு வருஷத்துக்கு மேல் மேப் பழைய கடை வாசலுக்கே ஆளைக் கூட்டிப்போய் நிறுத்தியது. அங்கே இப்போது செருப்புக் கடை.

மிச்சப் பணத்தில் 500 நோட்டீஸ் போதும். பேப்பர்காரரிடம் கொடுத்துச் செருகாதீர்கள். சுற்றி நாலு தெருவுக்கு நீங்களே நடந்து, கையில் கொடுத்து, முகம் காட்டுங்கள். "இதைக் கொண்டு வந்தால் ஒரு காபி" என்று கீழே இருக்கட்டும். அடிக்கும்போதே பாதி நோட்டீஸுக்கு ஒரு மூலையை வெட்டித் தரச் சொல்லுங்கள், கூடுதல் காசு கேட்க மாட்டோம். மூலை வெட்டியது இரண்டு தெருவுக்கு, வெட்டாதது மற்ற இரண்டுக்கு. எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறது என்று பத்தே நாளில் கல்லாப்பெட்டி சொல்லிவிடும்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். ரோட்டோரம் வைக்க அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் மாநகராட்சி கழற்றிக்கொண்டு போய்விடும். 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு கோர்ட்டும் சும்மா விடுவதில்லை. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் ஃப்ளெக்ஸ் வைப்பது காற்றுக்குக் கொடுக்கிற நன்கொடை.

நெல்லிக்குப்பம்: இன்ஸ்டாவில் 500 ரூபாய்க்கு பூஸ்ட் போடலாமா?

என்ன தொழில் என்று சொல்லவில்லையே. பூஸ்ட் என்றால் காசு கட்டி உங்கள் பதிவைப் பலருக்குக் காட்டச் சொல்வது. பொதுவாக, காட்டுகிற பரப்பளவைக் கடையைச் சுற்றிக் குறுக்கிப் போட்டால் போடலாம். தமிழ்நாடு முழுக்க என்று விட்டால் திருநெல்வேலியிலிருந்து ஹார்ட் வரும், வியாபாரம் வராது.

முதுநகர், வீட்டிலேயே தையல்: ஆரி எம்பிராய்டரி வேலையும் செய்வேன் அண்ணா. போன் நம்பரை வெளியில் போட வீட்டுக்காரருக்கு விருப்பம் இல்லை. ராத்திரியில் தேவையில்லாத மெசேஜ் வருமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான்மா. நிறைய தங்கைமார் இதனாலேயே பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இலவசம். சொந்த வாட்ஸ்அப்பும் அதே போனில் தனியாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் "நாளை காலை பத்து மணிக்குப் பதில் வரும்" என்று அதுவே அனுப்பிவிடும். உங்கள் படம் வேண்டாம், ஒரு ஜாக்கெட்டின் முதுகு வேலை படம் போதும். கூகுளிலும் வீட்டு விலாசத்தை மறைத்துவிட்டு, எந்த ஏரியாவுக்குத் தைத்துக் கொடுப்பீர்கள் என்று மட்டும் காட்ட வழி இருக்கிறது. (உங்கள் ஜிமெயிலில்!)

வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கிற கேட்டலாக்கில் விலையோடு படம் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ்" என்று எழுதாதீர்கள், வெட்டிப் பேச்சுக்கு அதுதான் வாசல். விலை தெரிந்தால் வாங்குகிறவர் மட்டும் பேசுவார்.

எல்லாவற்றையும் விட, திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கல்யாணங்களுக்கு மேக்கப் போடுகிற பெண்கள் நாலு பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் ஆரி போட்ட சாம்பிள் துணி, ஒரு சாண் அளவு, சட்டம் மாட்டாமல் மடித்து வைக்கிற மாதிரி கொடுங்கள். மணப்பெண் அதைத் தடவிப் பார்த்தாலே பாதி ஆர்டர் வந்த மாதிரி. நம்பரும் மேக்கப் பெண் வழியாகத்தான் போகும், கண்டவர் கைக்குப் போகாது.

நெய்வேலி: நோட்டீஸ் அடித்தால் பலன் உண்டா?

மேலே டிபன் கடைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

துறைமுகம் பக்கம், ஃபேன்சி ஸ்டோர்: மே மாசம் நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறோம். என்ன ஆஃபர் போடலாம்?

நாள் நல்ல நாள்தான், மாசம் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர் வீட்டிலும் வலைக்காரர் வீட்டிலும் கை இறுகிப் போயிருக்கும். அப்போது வளையல் பாதி விலை என்றாலும் வாங்க மனசு வராது. பூஜையை மேயில் போடுங்கள், விளம்பரக் காசை ஜூன் கடைசிக்கு வையுங்கள். படகு கடலுக்குப் போய், முதல் பங்குப் பணம் வீடு வந்து சேரட்டும்.

அரியாங்குப்பம், பிரியாணிக் கடை: திறப்பு விழா அன்று ஒரு ரூபாய்க்கு பிரியாணி போடலாம் என்று இருக்கிறேன். 300 பேருக்கு. டிவியில் வரும் இல்லையா அண்ணே?

வரும் தம்பி. போலீஸும் வரும். ஒரு பிரியாணிக்கு அடக்கம் 90 ரூபாய் என்றால் 27,000 ரூபாய். கல்லாவில் விழுவது 300. ஒரு ரூபாய் நாணயம் தேடிப்பிடித்து வருகிறவன் நாளைக்கு 150 ரூபாய் கொடுத்துச் சாப்பிடுகிற ஆள் இல்லை.

(வில்லியனூர் நண்பர் ஒருவர் குறுக்கே வந்தார்: "சும்மா சொல்லாதீங்க. போன வருஷம் என் மச்சான் செய்தான். ரோடே நின்றது. ஊருக்கே கடை பேர் தெரியும்.")

ரோடு நின்றது சரி. மறுநாள் எத்தனை பேர் வந்தார்கள்?

("நாற்பது பேர்.")

அந்த நாற்பது பேரும் விளம்பரமே இல்லாமல் அந்தத் தெருவில் வந்திருப்பார்கள் என்பது என் கட்சி.

("உங்களுக்கு நோட்டீஸ் விற்கணும், அதான் இப்படிப் பேசறீங்க.")

நான் மேலே 500-க்கு மேல் அடிக்காதே என்று சொன்னவன். ஒரு தடவை படித்துவிட்டு வாங்க.

(லாஸ்பேட்டை அக்கா ஒருவர்: "அந்த மாதிரி ஒரு வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் பத்து பேர் இருக்கும்போது தீர்ந்துவிட்டது என்று ஷட்டரை இறக்கினார்கள். இன்று வரை அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை.")

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், அக்கா என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். 300 பேருக்குக் கிடைத்திருக்கும், வெறுங்கையோடு திரும்பியவர் அதற்கும் மேல் இருப்பார்கள். கிடைத்தவன் மறந்துவிடுவான், கிடைக்காதவன் மறக்க மாட்டான். டிவியில் பார்த்த சேலத்துக்காரன் சாப்பிட அரியாங்குப்பம் வரப்போவதில்லை.

(பாகூரிலிருந்து: "டோக்கன் கொடுத்தால்? மூன்று நாள் முன்னாலேயே வீடு வீடாக 100 டோக்கன், ஒவ்வொன்றிலும் நேரம் போட்டு. எங்கள் பக்கம் ஒருவர் அப்படிச் செய்தார், சத்தமே இல்லை.")

இது நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை. வரிசை கிடையாது, வருகிறவரும் பக்கத்து வீட்டுக்காரர். தம்பி, செய்தே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய். ஒரு ரூபாய் வேண்டாம், பாதி விலை போடு, ஓசியில் வந்ததற்கு நாக்கில் ருசி தங்காது. மிச்சமாகிற பணத்தில் பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற எல்லாருக்கும் முழு பிரியாணி, முட்டையோடு, உன் கையால் கொடு. "இங்க நல்ல பிரியாணி எங்கண்ணே" என்று வெளியூர்க்காரன் கேட்பது அவர்களைத்தான்.

இந்த விஷயத்தை இதோடு விடுவோம். இருபது பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

தவளக்குப்பம், வீட்டு கேக்: கடலூர் வரைக்கும் டெலிவரி என்று விளம்பரம் போடலாமா?

போடுவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறுகிறது. பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு புதுச்சேரியில் 20 லட்சம், தமிழ்நாட்டில் 40 லட்சம். ஆனால் வரி உள்ள பொருளை மாநில எல்லை தாண்டி அனுப்பி விற்றால் வரம்பு பார்க்காமலே பதிவு கேட்பார்கள். அரை மணி நேர ஸ்கூட்டர் பயணத்தில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கேக் பெட்டியில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் இருக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர், மளிகை: காலண்டர் கொடுப்பதெல்லாம் பழைய பழக்கம் என்கிறான் மகன்.

உங்கள் மகன் காலையில் போனைப் பார்க்கிறான், அவன் அம்மா ராகுகாலம் பார்க்கிறார். மளிகைச் சீட்டு எழுதுவது யார்? தினசரி காலண்டர் அடுப்படிப் பக்கத்தில் 365 நாள் தொங்குகிறது. தாள் கிழிக்கிற ஒவ்வொரு நாளும் மேலே அட்டையில் உங்கள் நம்பர். இந்த விலைக்கு இப்படி ஒரு இடம் வேறு எங்கேயும் வாடகைக்குக் கிடைக்காது. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கப்புறம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், மார்கழியில் ஓடி வந்தால் நல்ல படம் இருக்காது, விலையும் ஏறியிருக்கும். நூறு போதும். வருகிறவர் எல்லாருக்கும் நீட்டாதீர்கள், மாதச் சாமான் வாங்குகிற வீட்டுக்குப் பெயர் எழுதி வைத்துக் கொடுங்கள்.

நம்பரைச் சரிபாருங்கள். அடிப்பதற்கு முன் புரூஃபில் உள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்கே போன் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை என் தப்பால் 2,000 நோட்டீஸில் ஒரு இலக்கம் மாறி, யாரோ ஒரு பெரியம்மா ஒரு மாசம் முழுக்க ஏசி சர்வீஸ் ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தார். திரும்ப அடித்துக் கொடுத்தது என் காசு.

விருத்தாசலம்: நோட்டீஸ் அடிக்கலாமா, எத்தனை?

மேலே.

முத்தியால்பேட்டை, மெழுகுவர்த்தி: டூரிஸ்ட்டுகளை எப்படிப் பிடிப்பது?

டூரிஸ்ட் சனி ஞாயிறுக்கு வருகிறவர், உங்களைத் தேடி முத்தியால்பேட்டை வர மாட்டார். அவர் தூங்குகிற இடத்துக்கு நீங்கள் போங்கள். பத்து ஹோம்ஸ்டே பிடித்து, அறைக்கு ஒரு சின்ன மெழுகுவர்த்தி இலவசமாக வையுங்கள். அடியில் க்யூஆர், ரிசப்ஷனில் விற்பனைக்கு ஒரு தட்டு, விற்றால் அவர்களுக்குப் பங்கு. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி ரோடு சண்டே மார்க்கெட் உங்களுக்கு ஒத்து வராது, அங்கே வருகிறவர் பேரம் பேச வருகிறார்.

சிதம்பரம்: ரிவ்யூ 50 வாங்கித் தருவதாக ஒருவர் போன் செய்தார்.

வைத்துவிடுங்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் பக்கம் போய்விடும்" என்று வருகிற போனையும் வைத்துவிடுங்கள். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் அவர்கள் விதிப்படி தப்பு. பில் கொடுக்கும்போது வாயால் கேளுங்கள், பத்தில் ஒருவர் எழுதினாலே நிறைய.

குறிஞ்சிப்பாடி: முத்ரா லோன் கிடைக்குமா சார்?

நான் அச்சகம். பேங்க்கில் கேளுங்கள், இல்லை மாவட்டத் தொழில் மையம் போங்கள்.

வடலூர்: வாட்ஸ்அப்பில் 1,000 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினேன், யாருக்குமே போகவில்லை.

பிராட்காஸ்ட் பட்டியலில் இருப்பவர் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். கண்டவர் நம்பரை வாங்கிப் போட்டிருந்தால் புகார் போய் உங்கள் எண்ணே முடங்கும். கடைக்கு வருகிறவரிடம் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, தைப்பூசத்துக்கு லிஸ்ட் அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். ஐம்பது பேர் சேமித்தால் அது நல்ல ஐம்பது.

பரங்கிப்பேட்டை: அண்ணே நோட்டீஸ்...

அடிங்க. 500. மூலை வெட்டி. நம்பர் பார்த்து.

அரியாங்குப்பம், பிரியாணிக் கடை (மறுபடி): டோக்கன் டிசைன் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பார்த்தேன். நம்பர் பத்து இலக்கம் சரி, போன் போட்டேன், நீதான் எடுத்தாய். "மதியம் 12 முதல்" என்பதை இன்னும் பெரிசாகப் போடு. விலாசத்தில் "புளியமரத்து ஸ்டாப்பிங் எதிரில்" என்று இருக்கிறது. அந்த மரம் 2011 டிசம்பரில் தானே புயலிலேயே விழுந்துவிட்டது. ஊர் இன்னும் அப்படித்தான் சொல்கிறது, அப்படியே இருக்கட்டும்.