பள்ளிக்கு 'சி' கிரேடு வந்தால் பிள்ளைக்கும் 'சி'யா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தங்கை குடும்பம் டெக்சஸில், ஹியூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கு மாநில அரசு 'சி' கிரேடு கொடுத்திருக்கிறதாம். டீச்சர்கள் நல்லவர்கள், பிள்ளையும் சந்தோஷமாகத்தான் போய் வருகிறாள். ஆனாலும் வீட்டை மாற்றிவிடலாமா என்று வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறாள். இந்த கிரேடை எப்படித்தான் போடுகிறார்கள்? (வாசகி, ஈசூன்)

பதில்: தங்கையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் சகோதரி. வீடு மாற்றுவது பெரிய வேலை, அந்த ஒற்றை எழுத்தை நம்பிச் செய்யக்கூடியது இல்லை.

டெக்சஸில் ஒரு பள்ளியின் கிரேடு மூன்று கணக்குகளிலிருந்து வருகிறது. 'ஸ்டார்' என்ற மாநிலத் தேர்வில் பிள்ளைகள் எந்த நிலையை எட்டினார்கள் என்பது முதல் கணக்கு. இரண்டாவது, போன வருடத்திலிருந்து இந்த வருடத்துக்கு எவ்வளவு முன்னேறினார்கள், இதேபோல ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளி எப்படி என்பது. மூன்றாவது, இனம், வறுமை, ஆங்கிலம் கற்பவர்கள், சிறப்புத் தேவை உள்ளவர்கள் என்று பிரித்துப் பார்த்து ஒவ்வொரு குழுவும் தனக்கு வைத்த இலக்கைத் தொட்டதா என்பது. முதல் இரண்டில் எது அதிகமோ அதை எடுத்து 70 விழுக்காடு எடை கொடுக்கிறார்கள், மீதி 30 மூன்றாவதற்கு.

முதல் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். எழுதிய விடைத்தாள்களில் 80 விழுக்காடு குறைந்தபட்ச நிலையைத் தாண்டியது, 50 விழுக்காடு வகுப்புக்குரிய நிலையை எட்டியது, 20 விழுக்காடு மிகச் சிறந்த நிலைக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 50. ஒரு தொடக்கப்பள்ளிக்கு இந்தப் பகுதியில் கிடைக்கும் மூல எண் அவ்வளவுதான். ஆக, உச்சத்தில் இருக்கும் பிள்ளை மூன்று தடவை எண்ணப்படுகிறாள், கீழிருந்து தத்தளித்து முதல் கோட்டைத் தாண்டியவன் ஒரே தடவை. வீட்டிலேயே நிறையப் புத்தகமும் டியூஷனும் இருக்கிற வட்டாரத்துப் பள்ளிக்கு இந்த எண் பள்ளி அதிகம் உழைக்காமலே உயர்ந்துவிடும். இரண்டாவது கணக்கான முன்னேற்றம்தான் பள்ளி என்ன செய்தது என்பதற்கு ஓரளவாவது பக்கத்தில் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2023ல் டெக்சஸ் இந்தக் கணக்கு முறையையே இறுக்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ தயாரான மாணவர் பங்குக்கு 'ஏ' வாங்க முன்பு 60 விழுக்காடு போதும், அதை 88 ஆக்கினார்கள். பல பள்ளி மாவட்டங்கள் வழக்குப் போட்டு, 2023க்குரிய கிரேடுகள் 2025ல்தான் வெளியே வந்தன. அதனால் பழைய கிரேடையும் புதிய கிரேடையும் பக்கத்தில் வைத்துப் பள்ளி சரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது தப்பு.

தங்கை செய்ய வேண்டியது இது. மூன்று பகுதிகளின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பார்க்கட்டும், மாநிலக் கல்வித் துறையின் இணையத்தளத்தில் பள்ளி வாரியாக இருக்கிறது. முன்னேற்றத்துக்குரிய எண் நன்றாக இருந்தால் அந்த 'சி'க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் பள்ளிக்கு நேரே போய் இரண்டு கேள்வி கேட்கட்டும். போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? நான்காம் வகுப்பில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் அறிவியல் நடக்கிறது? இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். நான்காம் வகுப்பில் வாசிப்பும் கணிதமும்தான் மாநிலத் தேர்வு, அறிவியல் ஐந்தாம் வகுப்பில்தான் வருகிறது, சமூக அறிவியல் எட்டாம் வகுப்பில்தான். தேர்வில்லாத பாடத்தையும் ஒழுங்காக நடத்துகிற பள்ளி என்றால், அந்தப் பள்ளியை விட்டுப் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: நான் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். அமெரிக்காவில் எல்லா மாணவரும் 100 விழுக்காடு தேர்ச்சி பெற வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டமே போட்டார்கள் என்று படித்தேன். நல்ல எண்ணம்தானே, ஏன் கைவிட்டார்கள்? (வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: நல்ல எண்ணம்தான் தம்பி, அதை நான் மறுக்கவே மாட்டேன். 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை, வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2013–14 கல்வியாண்டுக்குள் எல்லாரும் தேர்ச்சி. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் படிப்படியாக ஏறும் இலக்குகளை வைக்க வேண்டும். பள்ளியின் சராசரி மட்டும் போதாது, இனம், வறுமை, ஆங்கிலம் கற்பவர்கள் என்று பிரித்த ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக இலக்கைத் தொட வேண்டும், 95 விழுக்காட்டினர் தேர்வுக்கு வந்திருக்கவும் வேண்டும். ஒரே ஒரு குழு, ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் முழுப் பள்ளியும் தவறியதாகக் கணக்கு. ஏழைப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு நிதி வாங்கும் பள்ளி இரண்டு வருடம் தொடர்ந்து தவறினால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தவறிக்கொண்டே போனால் இலவச டியூஷன், கடைசியில் பள்ளியையே கலைத்து மாற்றியமைப்பது வரை போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், சிக்கல் தானாகத் தெரியும். ஒரு குழுவில் 40 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து சரியாக எழுதாததே இரண்டரை விழுக்காட்டைச் சாய்த்துவிடும். ஏழை வீட்டில் பிறந்து, வீட்டில் ஸ்பானிய மொழி பேசி, ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் ஒரு சிறுமி வறுமை, இனம், ஆங்கிலம் கற்பவர் என்று மூன்று குழுக்களில் எண்ணப்படுவாள், அவள் தவறினால் மூன்றிலும் தவறு. பலவகைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்குத் தாண்ட வேண்டிய கோடுகள் அதிகம், ஒரே மாதிரிப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்குக் குறைவு. இன்னும் ஒரு விநோதம், ஆங்கிலம் கற்பவர் குழுவில் ஒருவன் நன்றாகத் தேறிவிட்டால் அவனை அந்தக் குழுவிலிருந்தே எடுத்துவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் இன்னும் தேறாதவர்கள். அந்தக் குழு எந்தக் காலத்தில் 100ஐ எட்டும்? பிற்பாடு, தேறியவர்களைக் கொஞ்ச காலம் சேர்த்து எண்ணலாம் என்று விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

இலக்கு மத்திய அரசுடையது, ஆனால் 'தேர்ச்சி' என்றால் எவ்வளவு என்பதை மாநிலங்களே வைத்துக்கொண்டன. கோட்டைத் தாழ்த்தினால் எல்லாரும் தாண்டிவிடலாம், சில மாநிலங்கள் அதைத்தான் செய்தன. டெக்சஸில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் இருந்து ஆராய்ந்தவர் ஒருவர் 2005ல் எழுதியது எனக்கு இன்னும் வலிக்கிறது. பிள்ளைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருந்தார்கள். பச்சை எப்படியும் தேறிவிடும். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கவனமெல்லாம் அவர்களுக்கு. சிவப்பு, எப்படியும் தேறாது என்று கைவிடப்பட்டவர்கள். யாரும் பின்தங்கக் கூடாது என்று போட்ட சட்டத்தின் கீழ், ரொம்பப் பின்தங்கியவனுக்குத்தான் ஆசிரியரின் நேரம் கிடைக்கவில்லை. வகுப்பறைக்குப் போகப்போகிற நீங்கள் இதை மறக்கவே கூடாது.

அட்லாண்டாவில் நடந்தது அதைவிட மோசம். 2011ல் வந்த மாநில விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44ல் மோசடி நடந்ததாகச் சொன்னது, 178 ஆசிரியர்களும் முதல்வர்களும் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். தப்பான விடைகளை அழித்துச் சரியானதை நிரப்பியிருந்தார்கள். 2015ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் செய்ததை நியாயப்படுத்த முடியாது, ஆனால் எட்ட முடியாத இலக்கையும் வேலை போகும் பயத்தையும் சேர்த்துத் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று மேலே இருந்தவர்களும் யோசித்திருக்க வேண்டும்.

2011 வாக்கில் நாட்டின் ஏறக்குறையப் பாதிப் பள்ளிகள் இலக்கைத் தவறவிட்டிருந்தன. பாதிப் பள்ளி 'தோல்வி' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பேது? மாநிலங்களுக்கு விலக்கு கொடுத்து, 2015 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது. இப்போது இலக்கை மாநிலங்களே வைக்கலாம், மிகவும் பின்தங்கிய 5 விழுக்காடு பள்ளிகளைக் கண்டுபிடித்து உதவ வேண்டும், தேர்வு தவிர்த்த ஓர் அளவுகோலையும் சேர்க்க வேண்டும். பல மாநிலங்கள் அதற்கு, தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டன.

பழைய சட்டத்தின் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். குழு வாரியாக எண்களை வெளியிட வைத்தது அது. சராசரி அழகாக இருக்கும் பள்ளிக்குள் ஏழைப் பிள்ளைகள் எப்படித் தேங்கிக் கிடந்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது அதனால்தான்.

கேள்வி: மகன் தொடக்கநிலை ஆறு. இங்கே சிங்கப்பூரில் ஏன் பள்ளிகளின் தரவரிசையை வெளியிடுவதில்லை? எதை வைத்து உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது? (ஒரு தந்தை, செங்காங்)

பதில்: வெளியிட்டார்கள் ஐயா. 1992லிருந்து உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்வு முடிவின்படி வரிசைப்படுத்தினார்கள், நாளிதழில் பட்டியல் வரும். 2004ல் வரிசையை விட்டுவிட்டுப் பள்ளிகளைத் தொகுதி தொகுதியாகப் போட்டார்கள், 2012ல் அதையும் கைவிட்டார்கள். சரியான முடிவு என்பதுதான் என் கருத்து.

ஆனால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. பெற்றோர்கள் கட் ஆஃப் புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் நான்கு பாடத்தின் நிலைகளையும் கூட்டி 4 முதல் 32 வரை வருகிற மொத்தத்தில் (எண் குறையக் குறைய நல்லது), போன வருடம் ஒரு பள்ளியில் 8 வரை எடுத்தார்கள், இன்னொன்றில் 16 வரை எடுத்தார்கள் என்றால், அது யார் உள்ளே போனார்கள் என்பதைத்தான் சொல்கிறது. நான்கு வருடத்தில் அந்தப் பள்ளி பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை அது சொல்லவே சொல்லாது. கோப்பித்தியாம் காப்பிக்கடையில் உட்கார்ந்து 'எட்டுப் புள்ளிப் பள்ளி நல்ல பள்ளி' என்று பேசுவது, மருத்துவமனை வாசலில் நுழைகிறவர்களின் உடல்நிலையைப் பார்த்து டாக்டருக்கு மார்க் போடுவது மாதிரி.

முன்பெல்லாம், நுழையும்போது இருந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு எந்தப் பள்ளி எதிர்பார்த்ததைவிட உயர்த்தியது என்று கணக்கிட்டு விருது கொடுத்தார்கள். வரிசை போனது நல்லது, அதோடு அந்தத் தகவலும் பொதுப் பார்வையிலிருந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு. நடுத்தரமான பிள்ளைகளை எடுத்து நன்றாக வளர்க்கும் அக்கம்பக்கப் பள்ளிக்கு ஊரில் பேர் கிடைக்க வழியே இல்லை.

பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துச் சுற்றிக்காட்டும் நாளுக்குப் போகும்போது ரோபோவையும் மேடை நடனத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மகன் கணிதத்தை நடு நிலையான ஜி2இல் தொடங்கினால் அதற்கு மேலான ஜி3க்கு எப்போது, எதை வைத்து மாற்றுவீர்கள், போன வருடம் அப்படி மாறியவர்கள் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள் இல்லை, பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். அந்தக் கதவை ஒரு பள்ளி எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது என்பது அங்கு கிடைக்கும் பதிலிலேயே தெரிந்துவிடும். தமிழ் அந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா, வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், வாரத்தில் சில பிற்பகல்கள் பயணத்திலேயே போய்விடும்.

கேள்வி: கல்வி அமைச்சு தேர்வு முடிவுகளை இன வாரியாக வெளியிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அது முத்திரை குத்துவதுபோல இல்லையா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: உங்கள் மனக்கஷ்டம் புரிகிறது. ஆனாலும் வெளியிடத்தான் வேண்டும் என்பேன். 1991ல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கியதற்கே இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்கியது வெளியே தெரிந்து, சமூகம் கவலைப்பட்டதுதான் காரணம். எண் இல்லாமல் இருந்திருந்தால் சிண்டா டியூஷன் வகுப்புகளும் வந்திருக்காது. இந்தப் புள்ளிவிவரம் நாடு முழுவதற்கும் பத்தாண்டுப் போக்காக வருகிறது, எந்தப் பள்ளியையும் எந்தப் பிள்ளையையும் அது சுட்டுவதில்லை. டெக்சஸ் மாதிரி பள்ளி வாசலில் கிரேடு தொங்கவிடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எனக்குள்ள குறை வேறு. 'இந்தியர்' என்று ஒரே வரியில் போடும்போது, ஓரறை வாடகை வீட்டில் வளரும் நம் பிள்ளையும், நல்ல வருமானமுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள். சராசரி உயர்ந்தது என்று நாம் மகிழும்போது முதல் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கலாம். குடும்ப வருமானத்தின்படியும் பிரித்துக் காட்டச் சொல்லி, வாய்ப்புக் கிடைக்கும் கலந்துரையாடலில் நீங்களும் கேளுங்கள்.