கல்யாணப் பத்திரிகையை அளவுகோலோடு பாருங்கள்: கிராஃபிக் டிசைன் படிக்க வருபவர்களுக்கு

"எனக்கு ஐடியாவே வரமாட்டேங்குது. இந்தத் துறை எனக்கு ஒத்துவருமா?" கிராஃபிக் டிசைன் படிக்கத் தொடங்கி நாலைந்து மாதம் ஆன மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கிற பிள்ளையின் செல்போனைத் திறந்தால் பின்ட்ரஸ்ட், பிஹான்ஸ் போன்ற டிசைன் படத் தளங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் படங்கள் சேமித்திருக்கும். அதில் ஒன்றைக் காட்டி, "தலைப்பு எழுத்து உள்ளே இருக்கிற எழுத்தைவிட எத்தனை மடங்கு பெரிசு?" என்று கேட்டால் பதில் வராது. சேர்த்து வைத்ததையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு டிசைனை அளந்து, பிரித்து, கையால் திரும்ப வரைந்தால்தான் அது மனதில் தங்கும். அப்படித் தங்கியதுதான் பிறகு ஐடியாவாக வெளியே வரும்.

இதற்கு வெளிநாட்டு இணையதளம் எதுவும் தேவையில்லை. வீட்டு அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு அளவுகோல், பென்சில், ஏ4 தாள்.

முதலில் பத்திரிகையைத் தாளின்மேல் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். நான்கு ஓரத்திலும் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அடுத்து எத்தனை ஃபான்ட் (எழுத்துரு), எத்தனை எழுத்து அளவு, எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். பிறகு கண் எந்த வரிசையில் போகிறது என்று 1, 2, 3 போட்டுக் குறியுங்கள். பெரும்பாலான பத்திரிகைகளில் மணமக்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் பொடி எழுத்தில் நடுவே புதைந்திருக்கும். கல்யாணத்தன்று காலையில் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுப்பவர் தேடுவதோ அந்த நேரத்தையும் மண்டபத்தையும்தான். அதற்காக அவற்றைப் பெரிதாக்கலாம் என்றால், தாத்தா பாட்டி பெயருக்கு இடம் போதாது. தாய்மாமன் பெயரைச் சின்னதாக்கினால் வீட்டில் மனவருத்தம். மரியாதையும் தகவலும் அழகும் ஒரே தாளில் இடத்துக்கு மோதிக்கொள்கின்றன. அந்த மோதலைத் தீர்த்துக் கொடுப்பதற்குத்தான் டிசைனருக்குக் கூலி.

இப்போது பயிற்சி. அதே வாசகத்தில் ஒரு சொல்லைக்கூட நீக்காமல், இரண்டு ஃபான்ட், மூன்று எழுத்து அளவு, ஒரே நிறம் என்ற கட்டுப்பாட்டுக்குள் அதைத் திரும்பச் செய்யுங்கள். நான்கு விதமாகச் செய்ய வேண்டும். முதல் இரண்டும் மூலப் பத்திரிகையின் சாயலிலேயே வந்து நிற்கும். கைவசம் இருந்த பழக்கம் தீர்ந்துபோன பிறகு, மூன்றாவதில்தான் யோசிக்கத் தொடங்குவீர்கள்.

வாரத்துக்கு ஒரு பொருள் இப்படிப் போதும். ஆவின் பால் பாக்கெட்டை எடுங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கொழுப்பின் அளவுக்கு ஏற்ப நிறம். "பச்சை ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் சரியான பாலை எடுத்துத் தருகிறார். எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியின் ஒரு தாளை எடுங்கள். தேதி, கிழமை, தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் உள்ளங்கையளவு தாளில் இருக்கும். ஆனாலும் எதிர்ச் சுவரிலிருந்து பாட்டிக்குத் தேதி தெரிகிறது. ராகு காலம் வேண்டுமானால் பக்கத்தில் போய்ப் பார்க்கிறார். தூரத்துக்கு ஒரு அளவு, கிட்டத்துக்கு ஒரு அளவு. பெரிய பெரிய நிறுவனங்களின் செயலிகளில் செய்வதும் இதே வேலைதான்.

இந்தக் கண்ணோடு வெளியே போனால் பார்க்க நிறைய இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டு வரிகள் ஓடுகின்றன; எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியைக் கவனியுங்கள். லாரி பின்பக்க எழுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ், புள்ளிக் கோலத்தின் கட்டம் எல்லாமே பாடம். சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வந்தவை என்றால் ணா, றா, னா, ணை, லை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். எழுத்தின் உருவம் கல்லில் பொறித்தது மாதிரி நிரந்தரமானது இல்லை என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். 2010 ஜூலையில் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார், ஐஐடி பம்பாயில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். தேவநாகரி ரகரமும், செங்குத்துக் கோடு இல்லாத ரோமன் ஆர் எழுத்தும் ஒரே உருவத்தில் சேர்ந்ததுதான் அந்தக் குறி. இரண்டு எழுத்து முறைகளை உன்னிப்பாகப் பார்த்த கண்ணுக்கே அது சாத்தியம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வேலை தேடும்போது உங்களைத் தனியாகக் காட்டப்போவது இதுதான். ஆங்கிலத்தில் அழகாக போஸ்டர் செய்கிற பலர் தமிழில் தடுமாறுகிறார்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் "கொடி" என்று யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) அடித்தால், க-வுக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபான்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு ஃபான்டில் இல்லை. மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. அந்தப் பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அதே டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு, பாராகிராப் பேனலின் மெனுவில் தெற்காசிய எழுத்துக்கான கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பாராகிராப் பேனலின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு தானாக முன்னால் வந்துவிடும்.

அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் மேட்டர் வரும். அதை யூனிகோட் ஃபான்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பி நிற்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, ஒருமுறை முழுதாக வாசித்துப் பிழை பார்க்க வேண்டும். வாசிக்காமல் அனுப்புவதுதான் மிகப் பெரிய தப்பு. பிழையோடு அச்சான ஆயிரம் நோட்டீஸை ஒன்றும் செய்ய முடியாது.

வரி இடைவெளியிலும் கவனம் வேண்டும். அடோபி மென்பொருள்கள் தாமாக விடும் இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். 12 பாயின்ட் (எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு 14.4. தமிழில் மேலே இகர ஈகாரச் சுழிகள், கீழே உகர ஊகார வால்கள். 14.4 வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் இடிக்கும். 17, 18 வைத்துப் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். இடப்பக்கம் மட்டும் சமமாக விட்டால் போதும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது, சாய்வெழுத்தும் இயல்பாகப் பொருந்துவதில்லை. ஆகவே அழுத்தம் காட்டத் தடிமன், அளவு, நிறம் இந்த மூன்றும்தான் கைவசம். புது ஃபான்ட் எதுவானாலும் "ணூ, ஞீ, ழு, றூ, கூ, ஸ்ரீ" என்று அடித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். 7 பாயின்ட் தடித்த எழுத்தில் ண-வின் சுழிகள் மையால் அடைத்துக்கொள்ளும். முக்தா மலர், கேட்டமரான், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தொடங்குவதற்கு இவை தாராளம்.

தினசரிப் பழக்கம் என்றால், கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் நோட்டில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் பன்னிரண்டு போட்டு, கட்டத்துக்கு இரண்டு நிமிஷம் வைத்து அமைப்பை வரைந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரே மென்பொருளில் உட்கார்ந்தால் முதல் ஐடியாவையே மூன்று மணி நேரம் மெருகேற்றிக்கொண்டிருப்போம். அதைக் கைவிட மனசே வராது. முதலில் கறுப்பு வெள்ளையில் செய்யுங்கள். அதில் நிற்காத டிசைனை நிறம் காப்பாற்றாது. முடிந்ததும் உண்மையான அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். யாரிடமாவது கருத்துக் கேட்கும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று விநாடி காட்டிவிட்டு மூடி, "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். ஃபைல் பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று வைத்தால் ஒருநாள் பழைய ஃபைல்தான் அச்சுக்குப் போகும்.

அச்சுக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை அப்படியே வைப்பது முதலாவது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அதனால் 1600 பிக்சல் அகலப் படத்தை 300-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய ஐந்தேகால் அங்குலம்தான் தெளிவாக வரும், அதற்கு மேல் இழுத்தால் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு நிற) மையில் மங்கி வருவது. வாடிக்கையாளரிடம் திரையைக் காட்டி ஒப்புதல் வாங்கினால் சண்டை உங்களுக்குத்தான். மூன்றாவது கறுப்பு எழுத்து. ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பை அச்சு மைக்கு மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். அச்சில் ஒரு தகடு மயிரிழை நகர்ந்தாலும் சிறு எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள். பின்னணி நிறத்தையும் படத்தையும் வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி விடுங்கள். எழுத்தை அவுட்லைனாக (ஃபான்ட் இல்லாமலே தெரியும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் ஒன்றும், மாற்றாத மூலம் ஒன்றும் தனித்தனியாக வையுங்கள்.

பெற்றோருக்கு: "படம் போட்டுச் சம்பாதிக்க முடியுமா?" என்ற உங்கள் கவலை நியாயமானது. மூன்று மாதப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்தவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாருடையதும் ஒரே அச்சாக இருந்தால் அங்கே மென்பொருள் பொத்தான்களை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பட்டப்படிப்பு என்றால் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நடத்தும் டாட் தேர்வும், ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வும் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதக்கூடியவை. இரண்டிலும் வரைதல் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பல கலைக் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கிறது. விலை உயர்ந்த லேப்டாப் வாங்கித் தந்தால்தான் பிள்ளை தேறும் என்றில்லை. முதல் வருஷத்துக்கு 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள சாதாரண லேப்டாப் போதும். இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் போன்ற டிசைன் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் அச்சகங்களிலும் கோரல்டிரா என்ற மென்பொருள் நிறையப் புழங்குகிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். ஏஐ வந்தபின் இந்த வேலை இருக்குமா என்றும் கேட்கிறீர்கள். படத்தை அது நொடியில் தந்துவிடும். அதில் வந்த தமிழ் எழுத்து சரியா, தாத்தா பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா, அச்சில் எப்படி வரும் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பிள்ளையை அந்த ஆளாக வளர்த்துவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முப்பது வேலைகளை அடுக்காதீர்கள். ஆறு முதல் எட்டு போதும். அதில் ஒன்றாவது முழுக்கத் தமிழில் இருக்கட்டும். பயிற்சிக்காக அடுத்தவர் டிசைனை அப்படியே பார்த்துச் செய்ததை அதில் சேர்க்கக் கூடாது. நேர்காணலில் இருப்பவர்களுக்கு மூலம் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் பென்சில் கட்டங்களில் ஒன்றிரண்டையும், எதைத் தீர்க்கப் பார்த்தீர்கள் என்று இரண்டு வரியும் வையுங்கள். அந்தக் கல்யாணப் பத்திரிகையின் நான்கு வடிவங்களையும் மூலத்தோடு சேர்த்து ஒரே பக்கத்தில் வைத்துக் கொண்டுபோனால், நேர்காணலில் பேச அதுவே அரை மணி நேரத்துக்குக் காணும்.