மகளின் கண்ணுக்கு மாதம் 5,000 ரூபாய்: எஸ்.ஐ.பி-யை நிறுத்தலாமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 9 வயது. போன வருடம் மைனஸ் 1.25 ஆக இருந்த பவர் இப்போது மைனஸ் 2.25. தினமும் புதிதாகப் போட்டு இரவில் எறிந்துவிடும் கான்டாக்ட் லென்ஸ் போட்டால் பவர் ஏறுவது மட்டுப்படும் என்கிறார் கண் டாக்டர். மாதம் 5,000 ஆகும். வருடத்துக்கு மொத்தமாக வாங்கினால் 54,000, கார்டில் இ.எம்.ஐ-யும் உண்டாம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து 58,000. அவள் படிப்புக்கு எஸ்.ஐ.பி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 5,000, செல்வமகள் திட்டம் 2,000, நகைச் சீட்டு 3,000 போகிறது. எஸ்.ஐ.பி-யை நிறுத்திவிட்டு லென்ஸ் வாங்கலாமா? "கண்ணாடி போதாதா?" என்கிறார் மாமியார்.

பதில்: சாதாரணக் கண்ணாடியில் பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரியும், ஆனால் பவர் ஏறுவது நிற்காது. ஒரே வருடத்தில் ஒரு முழு பவர் ஏறியிருப்பது வேகமான ஏற்றம். கண்விழி நீளமாக வளர்வதால்தான் இந்தக் கிட்டப்பார்வை வருகிறது, நீண்ட விழி மறுபடி சுருங்காது. பவர் மிக அதிகமாகிவிட்டால் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பும் கூடும். அதனால் இந்தச் செலவை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். படிப்புப் பணத்தைப் பிறகு ஈடுகட்டலாம், கண்ணில் அது முடியாது.

இந்த வகையில் பெயர் பெற்றது மைசைட் லென்ஸ். 2019-ல் வெளிவந்த மூன்றாண்டு ஆய்வில், சாதாரண லென்ஸ் போட்ட குழந்தைகளைவிட இதைப் போட்டவர்களுக்குப் பவர் ஏற்றம் சராசரியாக 59 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வும் அனுமதி தந்தது, 8 முதல் 12 வயதுக்குள் தொடங்கும் குழந்தைகளுக்கு. ஏற்கெனவே ஏறிய பவரை இது இறக்காது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு பலன் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

பணம் கட்டுமுன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "இதே வேலைக்கு மையோஸ்மார்ட், ஸ்டெல்லெஸ்ட் மாதிரி சிறப்புக் கண்ணாடியோ, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தோ இவளுக்குச் சரிவருமா?" கண்ணாடி என்றால் பவர் மாறும்வரை ஒரே ஜோடி ஓடும், தினமும் எறியும் லென்ஸைப் போல மாதாமாதச் செலவு இல்லை. கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல டாக்டர் மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்வார்.

சரி, லென்ஸ்தான் என்று முடிவானால், எஸ்.ஐ.பி-யை முழுதாக நிறுத்தாதீர்கள். 2,500 ஆகக் குறையுங்கள். மீதி 2,500 நகைச் சீட்டிலிருந்து வரட்டும். இந்தச் சீட்டு முடிந்ததும் நகையை எடுத்துக்கொண்டு, புதுச் சீட்டில் சேராமல் விடுங்கள். அதுவரை இடைப்பட்ட சில மாதங்களுக்கு வீட்டுச் செலவில்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். செல்வமகளைத் தொட வேண்டாம், அதன் வட்டிக்கு வரியே கிடையாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்வயதின் நடுவில் ஏற்றம் மெதுவாகும். அதனால் ஐந்து வருடச் செலவு என்று வைத்துக்கொள்வோம். வருடம் 10 சதவீத வளர்ச்சி என்று கணக்குக்காக எடுத்தால், இப்போதுள்ள 5,000 எஸ்.ஐ.பி அவளது 18 வயதில் சுமார் 8.7 லட்சம் தரும். ஐந்து வருடம் முழுதாக நிறுத்திவிட்டு அப்புறம் பழையபடி 5,000 கட்டினால் 3 லட்சத்தைக்கூடத் தொடாது. ஐந்து வருடம் 2,500, அடுத்த நான்கு வருடம் 10,000 என்று கட்டினால் மறுபடி சுமார் 8.75 லட்சம்! அந்த 10,000-ல் 7,500 புதிதல்ல: தொடரும் 2,500-ம், லென்ஸ் நின்றதும் மிஞ்சும் 5,000-ம்தான். சம்பள உயர்விலிருந்து 2,500 மட்டும் சேர்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசிகளில் 7.5 டயாப்டருக்கு (அதாவது 7.5 பவருக்கு) கீழான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு விலக்கப்பட்டிருக்கும். வருமான வரியிலும் லென்ஸ் பில்லுக்குச் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கான்டாக்ட் லென்ஸுக்கு ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது, பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

5,000-க்கு மேலும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கைவசம் ஒரு சாதாரணக் கண்ணாடி எப்போதும் வேண்டும், பரிசோதனைக் கட்டணம் தனி, சின்ன விரல்களில் லென்ஸ் கிழிவதும் உண்டு. இன்னொன்று, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மாதக் கடைசியில் பணம் இறுகும்போது "இன்னைக்குப் போட்டதையே நாளைக்கும் போட்டுக்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருநாள் லென்ஸை மறுபடி போட்டால் கண்ணில் தொற்று வரும் அபாயம் கூடும். லென்ஸ் தீர்ந்துபோனால் அன்று கண்ணாடி போட்டு அனுப்புங்கள்.

54,000 ரூபாய் பேக்கேஜும் இ.எம்.ஐ-யும் இப்போது வேண்டாம். தள்ளுபடி 6,000 என்பது உண்மைதான். ஆனால் அவள் பவர் மாறிக்கொண்டிருக்கிறது, மாறினால் அலமாரியில் இருக்கும் பெட்டிகள் வீண். லென்ஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று மூன்று மாதமாக வாங்குங்கள். தொடங்கும் அன்றே பவரோடு ஆக்ஸியல் லெங்த் எனப்படும் கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே கருவியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏற்றம் மட்டுப்படவில்லை என்றால், அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுமுன் மேலே சொன்ன சிறப்புக் கண்ணாடிக்கோ சொட்டு மருந்துக்கோ மாறுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.